கெப்பாசிட்டருக்கு வளைகாப்பு

கத்திரி பிறந்த மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு, ஏரிக்கரை நகரில் எஸ்தர் சிஸ்டர் வீட்டு ஏசியின் கெப்பாசிட்டர் எட்டு மாதம் முடிந்து ஒன்பதில் இருந்தது. அதுவரை அதை யாரும் கவனிக்காததற்குக் காரணம், அவுட்டோரின் பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்க்கிற வேலை என் ஒருவனுடையது என்பதும், நான் மூன்று வருஷமாக அந்த மூடியைத் திறக்காமல் தப்பித்து வந்தேன் என்பதும்தான்.

நான் ஏகாம்பரம். வயது ஐம்பத்தாறு. பாலாற்று மணல் சூடேறி ஆற்காட்டையே கடலை வறுப்பதுபோல வறுக்கிற மாதங்களில், ஏரிக்கரை நகரின் நாற்பத்திரண்டு வீடுகளும் என்னைத்தான் கூப்பிடும். ஏசி ஓடுகிறது, காற்று மட்டும் சுடச்சுட வருகிறது என்று கூப்பிட்டால் பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான். மோட்டார் கிளம்புவதற்கு ஒரு உந்தல் வேண்டும். அந்த உந்தலைச் சேர்த்து வைத்துக் கொடுக்கிற, டம்ளர் உயரத் தகர டப்பா அது. அது செத்துவிட்டால் அவுட்டோர் விசிறி சுற்ற மனமில்லாமல் ம்ம்ம் என்று முனகிக்கொண்டே நிற்கும். கம்பிவலை இடுக்கில் ஒரு குச்சியை விட்டு இறக்கையைத் தள்ளிப் பார்ப்பேன். தள்ளியதும் சுற்றினால் மோட்டார் நல்லது, கெப்பாசிட்டர் போய்விட்டது. முப்பது வருஷமாக இந்தக் குச்சியோடுதான் அலைகிறேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் உள்ளுக்குள் முனகிக்கொண்டே நிற்கிற மனுஷனையும் இப்படித் தள்ளிவிட ஒரு குச்சி இருந்தால் தேவலை என்று பலமுறை நினைத்திருக்கிறேன். யாரை மனதில் வைத்து நினைத்தேன் என்பது எனக்குத் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எஸ்தர் சிஸ்டர் பிரசவ வார்டில் முப்பத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்புரை அறுவை முடிந்து இரண்டாம் நாள், கண்ணில் கட்டோடு வெக்கையில் கிடந்தார். குச்சியால் தள்ளிப் பார்த்தேன், விசிறி சுற்றியது, கெப்பாசிட்டர்தான். முனிரத்தினத்தின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஞாயிற்றுக்கிழமை திறக்காது. என் பையில், சோதித்துப் பார்க்கலாம் என்று காயலான் கடையிலிருந்து எடுத்து வந்த ஒரு பழைய கெப்பாசிட்டர் இருந்தது. மீட்டரில் வைத்தேன், ஐம்பது காட்ட வேண்டிய இடத்தில் நாற்பத்தெட்டு காட்டியது. அதையே மாட்டினேன். நாளைக்கே புதுசு வாங்கி மாற்றிவிடலாம் என்ற எண்ணம் அப்போது உண்மையாகவே இருந்தது. “புதுசாப்பா?” என்று கேட்டார் சிஸ்டர். “புதுசுதான் சிஸ்டர்” என்றேன். அவர் கேட்காமலே இருந்திருக்கலாம். நானும் வாயைத் திறக்காமல் தலையாட்டியிருந்தால் கட்டுப் போட்ட கண்ணுக்குத் தெரிந்திருக்காது, பொய்யும் ஆகியிருக்காது என்று பிறகு பல திங்கட்கிழமைகள் யோசித்தேன். யோசித்துக்கொண்டே திங்கட்கிழமைகளைக் கடத்திவிட்டேன்.

இந்த வருஷம் அவரே கூப்பிட்டார். ஏசி நன்றாகத்தான் ஓடுகிறதாம், தேவைக்கு மேலேயே குளிர்கிறதாம், ஆனால் அவுட்டோர் பக்கம் யாரோ பெருமூச்சு விடுகிறாற்போல் இருக்கிறதாம். போனேன். மெயினை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றினேன். பழுதான கெப்பாசிட்டர் தலைப்பக்கம் உப்பும் என்பது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். இதன் தலை தட்டையாகவே இருந்தது. நடு உடம்பு மட்டும் முன்பக்கம் சரிந்து, விளக்கி வைத்த பித்தளைச் சொம்பு மாதிரி வழவழவென்று பெருத்து, பிடித்திருந்த தகரப் பட்டையைத் தெறிக்க விட்டிருந்தது. கழற்றுமுன் உள்ளே தேங்கிய கரண்டை வடிக்க வேண்டும். ரப்பர் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரை முனைகளுக்குக் குறுக்கே வைத்தால் டப்பென்று ஒரு பொறி வந்து அடங்கிவிடும். ஸ்க்ரூடிரைவரைக் கிட்டே கொண்டுபோனேன். அது உதைத்தது.

“கையை எடு, ஏகாம்பரம்” என்றார் சிஸ்டர்.

அவர் கிட்டே வந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். விரற்கடை வைத்து அளந்தார். வீட்டுக்குள் போய், வயிற்றில் வைத்துக் கேட்கிற மரக்குழலைக் கொண்டுவந்து ஒரு முனையை அதன்மேலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “கரண்ட்டைப் போடு” என்றார். போட்டேன்.

“நிமிஷத்துக்கு மூவாயிரம்” என்றார்.

“அது ஐம்பது சைக்கிள் கரண்ட் சிஸ்டர். கணக்குப் போட்டா மூவாயிரம்தான் வரும்.”

“குழந்தைக்குக் கொஞ்சம் வேகமாத்தான் இருக்கும்” என்று குழலைத் துடைத்துக்கொண்டார் அவர். “ஒன்பது பொறந்தாச்சு. தலை இறங்கியிருக்கு. கத்திரி முடியறதுக்குள்ள ஆயிடும்.”

அடுத்த வீட்டுக் கோமளா மதில்மேல் முழங்கையை ஊன்றி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏரிக்கரை நகரில் யார் வீட்டுக்கு எந்த முறை, எந்தச் சீர், எதற்கு எத்தனை நாள் தீட்டு என்று முடிவு செய்கிறவள் அவள்தான். “அதான் பார்த்தேன், ரெண்டு மாசமா அந்தப் பக்கம் போனாலே எனக்கு மாங்கா ஞாபகமே வருது” என்றாள். அதோடு விஷயம் நிச்சயமாகிவிட்டது.

“சிஸ்டர், இது பழுது. உப்பிப்போன கெப்பாசிட்டர் எப்ப வேணா வெடிக்கும். இன்னிக்கே மாத்திடலாம்” என்றேன். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் சொல்ல வேண்டியதில் பாதிதான் இது என்பதும் எனக்குத் தெரியும்.

“முப்பத்திரண்டு வருஷத்துல பழுதுன்னு சொல்லி ஒருத்தரையும் வார்டுல இருந்து நான் அனுப்பினதில்ல” என்றார் சிஸ்டர்.

“அதுவுமில்லாம, பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டுல ஆணி அடிக்கக்கூடாது, தட்டக்கூடாது, ஒண்ணை உடைச்சு ஒண்ணை மாட்டக்கூடாது” என்றாள் கோமளா. “மூடியைச் சாத்துண்ணா. காத்து படப்போவுது.”

அன்று மாலைக்குள் தெரு முழுக்கச் சட்டம் வந்துவிட்டது. ஏரிக்கரை நகரில் யாரும் சுவரில் துளை போடவில்லை, பூசணிக்காய் வெட்டவில்லை, பாதியில் நின்ற மாடிப்படி பாதியிலேயே நின்றது, மிக்சி பழுதானவர்கள் அம்மியைத் தேடினார்கள், அம்மி இல்லாதவர்கள் மிளகாய்ப்பொடி தொட்டுக்கொண்டு இட்லி தின்றார்கள், ஏசி பழுதானவர்கள் என்னைக் கூப்பிட்டு, இப்போது வர வேண்டாம், பிரசவம் ஆகட்டும் என்று சொல்லிவிட்டு வைத்தார்கள். பிள்ளைத்தாச்சிக்கு எதன்மேல் ஆசை என்று கேட்டதற்கு, நல்ல வோல்டேஜ் இருந்தால் போதும் என்று நான் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை நாற்பத்தோரு வீட்டிலும் இஸ்திரிப்பெட்டி, வாட்டர் ஹீட்டர், கிரைண்டர் எல்லாவற்றையும் அணைத்து வைத்து, வேர்த்துக் கொட்டக் கொட்ட உட்கார்ந்து, வந்த கரண்ட் அத்தனையும் சிஸ்டர் வீட்டுக்கே போகும்படி பார்த்துக்கொண்டார்கள். லைன்மேன் வந்து கம்பத்தடியில் நின்று கேட்டுவிட்டு, மாதாந்திர மின்தடையைக் கத்திரிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று போய்விட்டார். அவருக்கும் வீட்டில் மகள் மாசமாக இருந்தாள்.

ஒரே ஒரு சங்கடம் வந்தது. புருஷன் யார் என்று கோமளா கேட்டாள். நான் உள்ளதைச் சொன்னேன். இது இரட்டைக் கெப்பாசிட்டர், ஒரு முனை கம்ப்ரசருக்கு, இன்னொரு முனை விசிறி மோட்டாருக்கு, இரண்டையும் இது ஒன்றேதான் கிளப்பி ஓட வைக்கிறது என்றேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 

“ரெண்டு பேர்தானே” என்றாள் கோமளா கடைசியில். “அஞ்சு பேரைக் கட்டினவளுக்கு வருஷா வருஷம் தீ மிதிக்கிறோம்.”

திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற ஊரில் அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளை பிறக்கும்வரை புருஷன் சவரம் செய்யக்கூடாதே, கம்ப்ரசருக்குத் தாடி ஏது என்ற கேள்வி வந்தபோது, ஒயரை முறுக்கி முடிச்சுப் போட்டவன் எவனோ அவன் வளர்க்கட்டும் என்று தீர்ப்பானது. அவ்வாறாக நான் தாடி வளர்த்தேன். மலை ஏறவில்லை. என் பெரியப்பா மகன் சாவுக்குப் போய்த் தூர நின்றுவிட்டு வந்தேன், பாடை தூக்கவில்லை.

வெடித்துவிடுமோ என்ற பயம் எனக்கு ஒருபக்கம். அதைவிடப் பெரிய பயம் இன்னொருபக்கம். தெரு முழுக்க அதற்கு எலுமிச்சம்பழம் சுற்றிப்போடுகிறது, வேப்பிலை செருகுகிறது, சிஸ்டர் தினமும் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, ஏகாம்பரம் மாட்டினது, கைராசிக்காரன் என்று சொல்கிறார். அவர் சொல்லும்போதெல்லாம் என் முதுகில் வேர்வை நேர்க்கோடாக இறங்கியது. நான் மாட்டியது பழசு என்று தெரிந்தால் மற்ற நாற்பத்தோரு வீட்டிலும் நான் மாட்டிய புதுசெல்லாம் பழசாகிவிடும். ஒரு பொய் என்பது ஒன்றாகத்தான் இருக்கிறது, அதைப் பார்க்கிறவர்கள்தான் எண்ணிக்கையைக் கூட்டிவிடுகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்ட மறுநிமிடம், இது யாருக்குச் சாதகமான யோசனை என்றும் கேட்டுக்கொண்டேன்.

கடைசியில் திருட்டுத்தனமாகவே மாற்றிவிடத் தீர்மானித்தேன். முனிரத்தினம் கடையில் புத்தம் புதுசாக ஒன்று வாங்கிச் சட்டைப்பையில் மறைத்துக்கொண்டு, ஊரே உண்டு கண்ணயர்கிற மூன்று மணிக்குப் பின்சந்து வழியாகப் போனேன். கோமளா அவுட்டோர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பனை விசிறியால் அதற்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

“பாக்க வந்தியாண்ணா?”

“ஆமா.”

“மாசமா இருக்கிறவளைப் பாக்க வெறுங்கையோடவா வருவாங்க? பையில இன்னா, மொத்தமா கீது?”

எடுத்துக் காட்ட வேண்டியதாயிற்று. கோமளா அதை இரண்டு கையாலும் வாங்கி, மினுமினுப்பைப் பார்த்து, முகம் மலர்ந்து, “தங்கச்சியைத் துணைக்குக் கூட்டியாந்தியா” என்றாள். உடனே ஒரு தட்டில் பச்சரிசி பரப்பி, புதுசுக்குக் குங்குமம் வைத்து, அக்காளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டாள். அதையும் தொட முடியாமல் போயிற்று.

வளைகாப்பு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நடந்தது. சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்களைத் தலை வழியாகப் போட்டார்கள். கண்ணாடியில் கரண்ட் பாயாது என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை. சந்தனம் பூச வந்தபோது மட்டும், முனைப்பக்கம் ஈரம் படக்கூடாது என்றேன், மரியாதையாக ஒதுங்கிப் பூசினார்கள். புளி, எலுமிச்சை, தேங்காய், தக்காளி, தயிர் என்று ஐந்து சாதம். தொழிற்சங்கத்தில் இருந்த ஒருவர் அவுட்டோர் முன்னால் நின்று, உழைக்கிற தாய் என்று இரண்டு வார்த்தை பேசினார். எல்லாம் முடிந்து கைகழுவும்போது கோமளா கேட்டாள்.

“தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான். தாய் வீடு எது?”

“முனிரத்தினம் கடை” என்று நாலைந்து பேர் ஒரே குரலில் சொன்னார்கள். நாற்பத்திரண்டு வீட்டுக்கும் சாமான் அங்கேதான் வாங்குகிறேன் என்பது எல்லோருக்கும் தெரியும். கழுவிய கையையே நான் இன்னொரு தரம் கழுவினேன்.

அவளைக் கழற்றச் சொன்னார்கள். மெயினை அணைத்தேன். கரண்டை வடிக்கக்கூடாது, நீர்க்குடம் உடைகிறாற்போல் ஆகிவிடும் என்றார் சிஸ்டர். முனைகளுக்கு டேப் சுற்றி, மூன்று ஒயரையும் நிறம் பார்த்து ஒவ்வொன்றாக உருவினேன். அப்படியானால் வீட்டை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. “அக்கா பிரசவத்துக்குப் போனா தங்கச்சிதான் பாத்துக்கணும்” என்றாள் கோமளா. தட்டில் இருந்த புதுசை எடுத்து, குங்குமத்தைத் துடைத்து, அதே மூன்று ஒயரையும் அதில் செருகி, பட்டையை முறுக்கி, மெயினைப் போட்டேன். விசிறி ஒரு முனகல்கூட இல்லாமல் சுற்றியது. மூன்று வருஷமாகச் செய்யாத வேலை மூன்று நிமிஷத்தில் முடிந்தது. ஆபத்தும் போயிற்று. இப்போது மிச்சமிருந்தது என் பொய் மட்டும்தான், அதைத் தாம்பாளத்தில் வைத்து, குடை பிடித்து, நாதஸ்வரத்தைப் போனில் போட்டு, நானே நடுவில் சுமந்துகொண்டு நடந்தேன்.

முனிரத்தினம் கடையை விட்டு இறங்கி வந்து கும்பிட்டான். ஐந்து சாதத்தையும் மோந்து பார்த்தான். அப்புறம் அவளைக் கையில் வாங்கி, வளையல்களை மெல்ல விலக்கி, அடிப்பக்கம் திருப்பிப் பார்த்தான். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தான்.

“நம்ம கடைப் பொண்ணு இல்லையே இது.”

“நல்லாப் பாரு” என்றாள் கோமளா.

“என் கடையை விட்டு எது போனாலும் அடியில பச்சை மார்க்கர்ல என் கையெழுத்து இருக்கும்மா. கேரண்டிக்காகப் போடறது. இதுல இல்ல.” பிறகு அவன் என்னைப் பார்த்தான். அவன் பார்த்ததால் எல்லோரும் பார்த்தார்கள். போனில் நாதஸ்வரத்தை யாரோ நிறுத்தினார்கள்.

குச்சி எதுவும் தேவைப்படவில்லை. “பழசு” என்றேன். “காயலான் கடையில எடுத்தது. அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. புதுசுன்னு சொல்லி மாட்டினேன்.”

எஸ்தர் சிஸ்டர் குடையைச் சாய்த்து என் முகத்தைப் பார்த்தார்.

“எனக்குக் கண்ணுல கட்டு இருந்தப்ப.”

“ஆமா சிஸ்டர்.”

“பழசுதான் இருக்கு, நாளைக்கு மாத்தறேன்னு சொல்லியிருந்தா வேணாம்னா சொல்லியிருப்பேன்?”

“சொல்லியிருக்க மாட்டீங்க.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“தெரியல சிஸ்டர்” என்றேன். தாடியைச் சொறிந்துகொண்டு எவ்வளவு யோசித்தும் அதற்குமேல் உண்மையான பதில் எனக்குக் கிடைக்கவில்லை. இன்றைக்கும் கிடைக்கவில்லை.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூட்டத்தில் யார் முதலில் திட்டுவார்கள் என்று நான் காத்திருந்தேன். கோமளாதான் ஆரம்பித்தாள்.

“அப்ப இது ரெண்டாந்தாரம்.”

“வயசும் ஆயிருக்கும்” என்றாள் பின்னால் ஒருத்தி.

“வயசானவளை, அதுவும் மாசமா இருக்கிறவளை, கத்திரி வெயில்ல ஓட விட்டுக்கினு, ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணல பாரு இந்த மனுஷனுக்கு. மத்தியானத்துல கொஞ்சநேரமாவது அணைச்சிருப்போம்ல” என்று கோமளா என்னைக் கிழித்தாள். அரை மணிநேரம் கிழித்தாள். பொய் சொன்னதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, “நடு ரோட்டுல நிக்கிறா. காயலான் கடை எந்தப் பக்கம், காட்டு” என்றாள். ஊர்வலம் திரும்பியது.

ஜக்கரியா பாய் பழைய பேப்பர் எடை போட்டுக்கொண்டிருந்தார். தாம்பாளத்தைப் பார்த்ததும் தராசை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். “இது நம்ம கல்யாண மண்டபத்து ஏசியில இருந்து வந்த பொண்ணாச்சே. இங்க வந்து பதினோரு வருஷம் ஆச்சு. எங்கடா காணோம்னு பாத்தேன். உள்ள கூட்டியாங்க” என்று, வாஷிங் மெஷின் தொட்டிகளையும் செத்த கம்ப்ரசர்களையும் ஒதுக்கி, ஒரு புதுக் கோணிப்பை விரித்துக் கொடுத்தார். யாரும் சொல்லாமலே வெந்நீருக்கு ஆள் அனுப்பினார். வெந்நீர் எதற்கும் பயன்படவில்லை, பிறகு அதில் எல்லோருக்கும் டீ போட்டார்கள்.

ஆண்களை வெளியே போகச் சொன்னார் சிஸ்டர். நானும் எழுந்தேன். “நீ இரு. முனையைத் தொட ஆள் வேணும்” என்றார். முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். டேப்பைப் பிரித்தேன். அவர் ஒரு கையை வயிற்றில் வைத்து, இன்னொரு கையில் கடிகாரத்தைப் பிடித்து, பொறு, பொறு, பொறு என்று சொல்லிக்கொண்டே வந்து, “இப்ப” என்றார். ஸ்க்ரூடிரைவரை முனைகளுக்குக் குறுக்கே வைத்தேன். நீலமாக ஒரு பொறி, டப்பென்று ஒரு சத்தம், வளையல்கள் அத்தனையும் ஒருதரம் சிலிர்த்து அடங்கின, கோணியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கெப்பாசிட்டர் கிடந்தது. புதுப் பாத்திரம் மாதிரி மின்னியது. அதன்மேல் கம்பெனிப் பெயர் இல்லை, தேதி இல்லை. மெல்லிய குரலில் ம்ம்ம் என்று அழுதது.

மீட்டரில் வைத்துப் பார்த்தேன். தாய்க்கு ஒரு பக்கம் நாற்பத்தெட்டு அப்படியே இருந்தது. விசிறிக்கான மறுபக்கத்தில் இரண்டரை இருக்க வேண்டும், அங்கே ஒன்றுமில்லை. பிள்ளையை வைத்தேன், இரண்டரை காட்டியது.

“சீலிங் ஃபேனுக்கு இரண்டரைதான் வேணும். அதுல மாட்டிடலாம்” என்றேன் தொழில் புத்தியில்.

“பதினெட்டு வயசு ஆவட்டும்” என்றாள் கோமளா வாசலிலிருந்து.

சிஸ்டர் கைப்பையிலிருந்து பிறப்புப் பதிவுக்கான, கட்டம் போட்ட ஒரு தாளை எடுத்தார். வார்டில் எழுதிப் பழகிய கை, எழுதாமல் விடாது. ஆனால் இந்தத் தடவை என் பக்கம் பேனாவை நீட்டி, நீயே எழுது என்றார். பிறந்த இடம், காயலான் கடை. தாயின் வயது, பதினொன்றுக்குக் குறையாது. தாயைக் கொண்டுவந்தவர், ஏகாம்பரம். ஒவ்வொன்றாக அவர் சொல்ல, கோழிக்கிறுக்கலாக நான் எழுதினேன். எழுதி முடித்ததும் கேட்டேன்.

“பொய் சொன்னவர்னு எங்க போடறது சிஸ்டர்?”

அவர் தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார்.

“அதுக்குக் கட்டம் இல்ல” என்றார். தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, டீ ஆறுகிறது, குடி என்றார்.

அன்றைக்கே சவரம் செய்துகொண்டேன். இனி ஏரிக்கரை நகரிலிருந்து ஒரு போனும் வராது என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். காலையில் ஏழு மணிக்குத் தொடங்கி மத்தியானம்வரை நாற்பத்தோரு போன் வந்தது. எல்லோரும் கேட்டது ஒன்றுதான். எங்கள் வீட்டில் மாட்டியிருப்பதும் பழசுதானே, கொஞ்சம் வந்து மூடியைத் திறந்து பார்க்க முடியுமா. வீடுவீடாகப் போனேன். மூடியைத் திறந்தேன். எல்லாம் ஒல்லியாக, நேராக, அடியில் பச்சைக் கையெழுத்தோடு இருந்தன. புதுசு என்று சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை, கையெழுத்தைக் காட்டி நம்ப வைத்தபோது ஒருவருக்கும் பிடிக்கவில்லை. எங்களுக்கு மட்டும் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று இரண்டு வீட்டில் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். நாற்பத்தோரு வீட்டில் யோக்கியனாக இருந்ததற்கு நான் நாற்பத்தோரு தரம் மன்னிப்புக் கேட்டேன்.

கடைசி வீடு ஓய்வுபெற்ற தாசில்தார் வேதாசலத்துடையது. நான் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் ஒரு பெரிய தம்ளரில் மோரோடு வந்து பக்கத்தில் நின்றார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“என்கிட்ட உண்மையைச் சொல்லு. பழசுதானே? நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

அவர் முகத்தில் அப்படி ஒரு ஆசை இருந்தது. அவரும் மனைவியும் தனியாக இருக்கிறார்கள். ஆமாம் சார் என்ற இரண்டு வார்த்தை போதும், அவர் நாளைக்கே மாங்காய் வாங்கப் போய்விடுவார். அந்த இரண்டு வார்த்தையும் என் நாக்கு நுனிவரை வந்து நின்றதை நான் மறைக்கப்போவதில்லை.

“போன வருஷம் வாங்கினது சார். முனிரத்தினம் கடை” என்றேன்.

 அவர் எனக்கென்று கொண்டுவந்த மோரைத் தானே ஒரே மடக்கில் குடித்துவிட்டு உள்ளே போனார்.